உப்பு ஏரிக்குப் போய் வந்தவர்

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெரிய கிராணி, தாசேக் கெலுகோர் ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதுபவர், ஜார்ஜ் டவுனுக்கு வருவார். நான் காப்பி குடிக்கும் கடையில், துரைமார் போடுகிற தொப்பியைக் கழற்றாமலே உட்காருவார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சீசாவை எடுத்து மேசைமேல் வைப்பார். அதில் உப்பு இருக்கும். என்ன அது என்று யாராவது கேட்டுத் தொலைக்கும்வரை அதை உருட்டிக்கொண்டே இருப்பார்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போகும் வழியில் எகிப்துப் பாலைவனத்தைப் பார்க்கப் போனாராம். பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள இவரும் கூடப் போனாராம். கடல்போல மணலாம். நடுவே உப்பு ஏரிகளாம். பக்கத்திலேயே பேரீச்சந்தோப்பும் நல்ல தண்ணீர் ஊற்றுமாம். பக்கத்திலிருக்கும் புக்கிட் மெர்தாஜாமைத் தாண்டாத எங்களைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்.

ஒருநாள் எரிச்சலில் கேட்டேன். "அந்த ஊத்துத் தண்ணி எப்படி இருந்துச்சு, கிராணியாரே?"

"நான் எங்க குடிச்சேன்? வெயிலுன்னு துரை காருக்குள்ளயே உட்கார்ந்துட்டாரு. அவரு இறங்காம நான் இறங்கினா மரியாதையா?"

"அப்ப இந்த உப்பு?"

"டிரைவர் அள்ளியாந்தான் லா. துரை வேணாம்னாரு, நான் வாங்கிக்கிட்டேன்."

சொல்லிவிட்டுச் சீசாவைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார்.

தோட்டத்தில் துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும். வருஷக்கணக்காக அப்படி இறங்கி இறங்கிப் பழகிய மனிதர், உலகத்தில் இறங்கியே தீரவேண்டிய அந்த ஓர் இடத்தில் எப்படித்தான் உட்கார்ந்திருந்தாரோ.