பதினான்காம் கல்

குடிநீர் வாரியத்தில் எல்லோரும் அவளைக் காதம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. தோளுயர இரும்புக் கம்பி ஒன்றைத் தெருவில் ஊன்றி, அதன் மேல்முனையில் இருக்கும் பித்தளைக் குமிழில் காதை வைத்து, மண்ணுக்குள் ஓடும் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. பதினெட்டு வருடமாகச் செய்கிறாள். தெரியாதவர்கள் பார்த்தால், யாரோ ஒரு பெண் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றபடியே தூங்குகிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

நான் நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டுகிறவன். என் மேசை இருக்கும் கீழ்த்தளத்தின் சுவர் இரண்டு வருடமாக வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. நான் ஒரு பக்கம் ஒட்டினால் ஈரம் மறுபக்கம் பிரித்தது. புகார் கொடுத்தோம். காதம்மா வந்து அரை மணி நேரம் கேட்டுவிட்டு, “மேற்குப் படியிலிருந்து பதினோரு அடி, குழாய் இணைப்பில் ஒழுகல்” என்று வாரியத்துக்கு எழுதிக் கொடுத்தாள். அந்த வாரமே வாரியத்தின் மேற்பார்வையாளர் ஒழுகல் சத்தத்தைப் பிடிக்கும் புது மிஷினோடு வந்தார். திரையில் கோடுகள் ஓடின. “குழாயில ஒண்ணுமில்ல. பூமிக்குள்ள ஊத்து இருக்கு” என்று கோப்பை மூடினார். அதற்குப் பிறகும் அவள் இரண்டு தடவை எழுதினாள். கிணற்றில் போட்ட கல்தான். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு நகலை எனக்குக் கொடுத்துப் போனாள். மூன்றையும் என் மேசைக்கு மேலே குத்தி வைத்திருந்தேன்.

அந்த வருடம் அருங்காட்சியகத்தார் அறிவியல், கலை வாரம் ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். யாரும் கேள்விப்படாத சங்கதியாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அமைப்பாளரான இளம்பெண் ஒருநாள் தெருவில் காதம்மாவைப் பார்த்து, “என்ன கேக்கறீங்க?” என்று விசாரித்திருக்கிறாள். காதம்மா கம்பியை நீட்டியிருக்கிறாள். பத்து நிமிடம் கழித்துத்தான் அந்தப் பெண் காதை எடுத்தாளாம்.

பத்திரிகையில் “இந்த வாரம் நம் நகரில்” என்று பட்டியல் வந்தது. விலங்கியல் பேராசிரியர் நேர்முக வர்ணனை செய்யும் நத்தைப் பந்தயம். தண்ணீர் வடித்த நீச்சல் குளத்துக்குள் எலும்புகளைப் பற்றி ஒரு நடனம். கண்ணாடித் தட்டில் பூஞ்சை வளர்த்து வரையும் ஓவியம். எல்லாவற்றுக்கும் முதலில், ஞாயிறு காலை ஏழு மணி: “குழாய்க் கச்சேரி. கேட்டுக்கொண்டே ஒரு நடை. நடத்துபவர் காதம்மா.”

காதம்மா பேப்பரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். அவள் கணவர் பஸ் டிரைவர். அவரிடம் போய், “பேப்பர்லயே போட்டுட்டாங்க. நான் எப்படிங்க பேசுவேன்?” என்றாள்.

“நீ எதுக்குப் பேசணும்? அவங்க கேக்கத்தானே வர்றாங்க” என்றார் அவர்.

ஆனாலும் அவள் நாலு பக்கம் எழுதி மனப்பாடம் செய்து அவர் முன்னால் ஒப்பித்துப் பார்த்தாள். இரண்டாம் பக்கத்தில் அவர் தூங்கிவிட்டார்.

ஞாயிறன்று பன்னிரண்டு பேர் வந்தால் பெரிது என்று நினைத்திருந்தார்கள். ஐம்பத்து மூன்று பேர் வந்தோம். கம்பி எட்டுத்தான் இருந்தது. மேற்பார்வையாளரும் வாரியத்தின் சார்பில் வந்து ஓரமாக நின்றார். காதம்மா அவரைப் பார்த்தபடியே தொடங்கினாள். “எல்லாருக்கும்...” என்றாள். அதற்குமேல் வரவில்லை. நாலு பக்கமும் எங்கே போனதோ தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் கம்பியை முன்வரிசையில் நின்ற அம்மாளிடம் நீட்டினாள். அந்த அம்மாள் கையை ஆட்டினார். “எனக்குக் காது மந்தம்மா. சும்மா நடக்கத்தான் வந்தேன்.”

“காதுல வைக்க வேணாம்மா. காது மிஷினைக் கழட்டிட்டு, காதுக்குப் பின்னாடி எலும்புல அழுத்தி வையுங்க.”

அவர் அப்படியே செய்தார். தெரு அமைதியாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “ஓடுது” என்றார் மெதுவாக. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “தண்ணி ஓடுது. எனக்குக் கேக்குது” என்றார்.

அவ்வளவுதான், காதம்மாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. நல்ல குழாய் என்றால் பக்கத்து வீட்டில் செருப்புப் போட்டு நடக்கிற மாதிரி இருக்கும் என்றாள். யாராவது வீட்டில் குழாயைத் திறந்தால் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி. ஒழுகல் என்றால் பல்லிடுக்கில் காற்றை ஊதுகிற மாதிரி, விடாமல். ஊதியும் காட்டினாள். நாங்களும் ஐம்பது பேர் தெருவில் நின்று ஊதினோம். ஒருத்தருக்கும் வெட்கம் இல்லை.

நடை எங்கள் நூலகத்து வாசலுக்கு வந்தது. எந்த வழியாகப் போவது என்று முடிவு செய்தது அமைப்பாளர். காதம்மா நின்றாள், மேற்பார்வையாளரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, நடைபாதைக் கற்களில் ஒன்று முதல் இருபது வரை எண் போட்டாள்.

“இங்க நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. எந்தக் கல்லுல சத்தம் அதிகமோ அந்த நம்பரைச் சீட்டுல எழுதி இந்தப் பையில போடுங்க. ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் பாக்கக் கூடாது.”

ஒரு மணி நேரம் ஆனது. அமைப்பாளர் சீட்டுகளைப் பிரித்து உரக்கப் படித்தாள். நாற்பத்தோரு சீட்டில் பதினான்கு. பதினொரு சீட்டில் பதின்மூன்றோ பதினைந்தோ. ஒன்றில் மட்டும் மூன்று. அது என்னுடையது. காலையில் நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை, வயிற்றைக் கேட்டேனோ என்னவோ.

நான் உள்ளே ஓடிப்போய் அவளுடைய மூன்று கடிதங்களையும் டேப்பையும் எடுத்து வந்தேன். மேற்குப் படியிலிருந்து பதினோரு அடி அளந்தோம். டேப் பதினான்காம் கல்லின் நடுவில் போய் நின்றது.

மேற்பார்வையாளர் வந்து கம்பியை வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

“என் மிஷின்ல வண்டிச் சத்தத்தை வடிகட்டுற மாதிரி வச்சிருந்தேன். அதோட இதையும் வடிகட்டியிருக்கு” என்றார். “தப்பு என்னோடதும்மா. நாளைக்கே தோண்டிடுவோம்.”

“சரிங்க சார்” என்றாள். ஆனால் கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்ட விதத்தைப் பார்க்க வேண்டுமே.

திங்கள் காலை பாதிப் பேர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். கல்லைப் பெயர்த்து மார்பளவு தோண்டினார்கள். இணைப்பில் விரல் நீள விரிசல், அதிலிருந்து தண்ணீர் விசிறி போல அடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். காது மந்தமான அம்மாள்தான் கடைசியாக நிறுத்தினார். அந்நேரம் அந்த வழியாக வந்த பஸ் குழிக்குப் பக்கத்தில் ஊர்ந்தது. காதம்மாவின் கணவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, “அது என் வீட்டுக்காரி” என்று அறிவித்தார். பயணிகளும் தட்டினார்கள்.

அந்த வாரம் மீதி எல்லா நாளும் காலையில் நடை வைக்க வேண்டியதாயிற்று. முந்நூறு பேருக்கு மேல் வந்தார்கள். இன்னும் இரண்டு ஒழுகல் அகப்பட்டன. நத்தைப் பந்தயத்துக்கு வந்த கூட்டம்கூட அவ்வளவு இல்லை என்று பேராசிரியர் குறைப்பட்டாராம். மேற்பார்வையாளர் மிஷினை அவளிடமே கொண்டுவந்து, எந்தச் சத்தத்தை விட வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக் கேட்டுத் திருத்தினார். இப்போது வாரியத்தில் அவள் எழுதிய இடத்தை ஏழு நாளுக்குள் தோண்டியாக வேண்டும் என்று உத்தரவு.

இரண்டு மாதத்தில் எங்கள் சுவர் உலர்ந்தது. காதம்மா ஒருநாள் வந்து உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தாள். பிறகு நூலக உறுப்பினர் அட்டை ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு, புத்தகங்கள் இருக்கும் மாடிக்கு ஏறிப் போனாள்.