சுறாக்களின் பந்துக்குக் காற்றடித்தவர்

துறைமுகச் சுறாக்கள் கால்பந்து அணிக்குப் புதிய பயிற்சியாளர் யார் என்று அன்று காலைச் செய்தியில் சொல்லப்போகிறார்கள். அதனால் டகோராடி சந்தை ரவுண்டானாவில் எகோ பைடூவின் பஞ்சர் கடையில் ஒரு டயர்கூடக் கழற்றப்படவில்லை. சிமெண்ட் லாரி ஒன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து காத்துக்கிடந்தது. அதன் டிரைவரும் இறங்கி வந்து, கவிழ்த்துப் போட்ட டயரில் உட்கார்ந்து ரேடியோவுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் எதிரணியான செகோண்டியின் ரசிகர். ஆனாலும் அடுத்தவர் துக்கத்தைப் பார்க்கிற ஆசை யாரை விட்டது?

தலைமைப் பயிற்சியாளர், டமாலே ஊரைச் சேர்ந்த ஸகாரியா என்றது ரேடியோ.

"டமாலேயா? அங்க கடலே கிடையாதே! சுறாவுக்கும் அவனுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றார் ஹாகன். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், ரசிகர் மன்றத் தலைவர். ஊரே அவரைச் சேர்மன் என்றுதான் கூப்பிடும். அவர் மனைவி மட்டும் கூப்பிடமாட்டாள்.

"சேர்மன், அவரு ஆட்டம் சொல்லிக்குடுக்க வர்றாரு. மீன் பிடிக்க இல்ல" என்றான் டாக்சி ஓட்டும் அட்டா.

"நீ இரட்டைப் பிள்ளையில ஒருத்தன். மூளை உன் அண்ணன்கிட்ட போயிடுச்சு. பேசாம இரு."

ரேடியோ மேலே படித்தது. ஒரு துணைப் பயிற்சியாளர். கோல்கீப்பருக்குத் தனியாக ஒருவர். எல்லைக் கோட்டிலிருந்து பந்தை எறியச் சொல்லித்தர ஒருவர். வீரர்களின் தூக்கத்துக்கு ஓர் ஆலோசகர்.

"தூங்கறதுக்கு ஆளா?" லாரி டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்க பின்வரிசைக்காரனுங்கதான் மைதானத்துலயே தூங்குறானுங்களே! இன்னும் என்னத்தச் சொல்லிக்குடுக்கப்போறாரு?"

எகோ அதற்குள் ரேடியோ நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டார். ரவுண்டானா எகோ என்றால் மேற்கு மாகாணம் முழுக்கத் தெரியும். பயிற்சியாளர் மாறும்போதெல்லாம் முதல் போன் அவருடையது. மூன்று மாதம் கழித்து, அதே பயிற்சியாளரைத் துரத்தச் சொல்லி வரும் முதல் போனும் அவருடையதுதான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கம், நாட்டு மக்களே" என்று ஆரம்பிக்கும்போது, அறிவிப்பாளர் கடைசிப் பெயரைப் படித்தார்.

"பந்துகளுக்கும் உபகரணங்களுக்கும் பொறுப்பாளர், செல்வி ஸெனாபு. காற்றடிக்கும் கருவியோடும் அழுத்தமானியோடும் வருகிறார்."

அறிவிப்பாளருக்கு அது ஒரு பெயர். எகோவுக்கு அது நெஞ்சில் இறங்கிய கத்தி. போன் அவர் காதிலேயே இருந்தது. "ஹலோ எகோ, லைன்ல இருக்கீங்களா?" என்று அது கெஞ்சியது. கடையில் இருந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். செகோண்டி டிரைவர்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

ஏனென்றால் இருபத்திரண்டு வருடமாகச் சுறாக்களின் பந்துக்குக் காற்றடித்தவர் எகோ பைடூ.

அது விதி கொடுத்த வேலை. செகோண்டியோடு நடந்த ஒரு பெரிய ஆட்டத்தில், ஆரம்பிக்கும் நேரத்தில் பந்து சொங்கிப்போய்க் கிடந்தது. பம்ப்பைக் காணோம். கூட்டத்திலிருந்து வேலி தாண்டிக் குதித்தார் இளைஞர் எகோ. பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ரவுண்டானாவுக்கு ஓடினார். லாரி டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரில் அதற்கு உயிர் கொடுத்துத் திரும்பி ஓடிவந்தார். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. அன்றிலிருந்து ஒவ்வோர் உள்ளூர் ஆட்டத்துக்கும் முன்னால் பந்து மூட்டை அவர் கடைக்கு வரும். மாற்று வீரர்களின் பெஞ்சில், கடைசி நுனியில், அரை ஆள் உட்காரும் இடம் அவருடையது.

அந்த அரை இடத்தில் அவரைப் பார்த்துத்தான் அராபா அவரைக் கட்டிக்கொண்டாள். துணைப் பயிற்சியாளர் என்று நினைத்துவிட்டாள். உண்மை தெரிந்தபோது திருமணத்துக்குத் துணி எடுத்தாகிவிட்டது.

கடைக்குப் பக்கத்திலேயே சூடான கென்கி என்னும் சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் விற்கும் அராபா, கரண்டியோடு வந்து புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன, யாராவது செத்துட்டாங்களா?"

"நான்தான்" என்றார் எகோ.

"சாகறதுக்கு முன்னாடி அந்த லாரிக்கு டயரை மாட்டிட்டுச் சாவு. என் அடுப்பு மேல சாயுது அது."

சேர்மன் ஹாகன் எழுந்தார். அவர் எழுந்தால் ஏதாவது போராட்டம் வரும் என்று அர்த்தம். "நாளைக்குப் புதுக் கோச்சை வரவேற்கப் போறோம்ல? மேளம் இருக்கட்டும், பவுடர் இருக்கட்டும். கூடவே எல்லாரும் கையில சிவப்புத் துணி கட்டிக்கிட்டு வாங்க. ஒரு கையால வரவேற்பு, இன்னொரு கையால எதிர்ப்பு!"

"எந்தக் கையில எது, சேர்மன்?" என்று கேட்டான் அட்டா.

"அதையும் நானே சொல்லணுமா?"

மறுநாள் மைதானத்தில் குழப்பம் அங்கேதான் வந்தது. பாதிப் பேர் வலக்கையில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். பாதிப் பேர் இடக்கையில். மரியாதைக்காகப் புதுப் பயிற்சியாளரின் கழுத்திலும் தோளிலும் வெள்ளைப் பவுடரை அள்ளிக் கொட்டியவர்கள், அதே மூச்சில் "அநியாயம்! அநியாயம்!" என்று கத்தினார்கள். மாவு மூட்டைக்குள் விழுந்தவர் போல நின்ற ஸகாரியா, இருமிக்கொண்டே எல்லோருக்கும் நன்றி சொன்னார்.

எகோ சாவு வீட்டுக்குக் கட்டும் கறுப்பும் சிவப்புமான துணியைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தார். நேராக ஸெனாபுவின் முன்னால் போய் நின்றார். முப்பது வயதுகூட இல்லாத ஒல்லிப் பெண். கையில் சின்னப் பெட்டி.

"சிஸ்டர்" என்றார். "என் கையில வளர்ந்த பந்துங்க இதெல்லாம். தாயையும் பிள்ளையையும் பிரிக்கலாமா?"

"பிரிக்கலை மாஸ்டர்" என்றாள் அவள் மரியாதையாக. "ஒரு தடவை அளந்து பார்த்துக்கறேன். சரியா இருந்தா நீங்களே அடிங்க. நான் பையைத் தூக்கிக்கிட்டு நிக்கறேன்."

"அளக்கிறதா!" எகோ ஒரு பந்தை எடுத்து, கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். "இதுதான் அளவு. பாருங்க, உள்ள போகுதா? போகாது. கல்லு மாதிரி இருக்கும்."

ஸெனாபு அழுத்தமானியின் ஊசியைப் பந்தில் செருகினாள். முள் விறுவிறுவென்று ஏறியது. எண்களைத் தாண்டியது. சிவப்புக் கோட்டையும் தாண்டி, போக வேறு இடமில்லாமல் நடுங்கிக்கொண்டு நின்றது. இன்னொரு பந்து. அதுவும் அப்படியே. மூட்டை முழுக்க அப்படியே.

"மாஸ்டர், நீங்க கடைசியா எந்த வண்டிக்குக் காத்தடிச்சீங்க?"

"பத்துச் சக்கர லாரி."

"அதே காத்துதான் இதுலயும் இருக்கு."

ஸகாரியா பவுடரைத் தட்டிவிட்டுக்கொண்டு, முன்வரிசை வீரனைக் கூப்பிட்டு, உதைக்கச் சொன்னார். அவன் உதைத்தான். பந்து கோல் கம்பத்துக்கு மேலே, கூரைக்கு மேலே, சுவருக்கு அப்பால் போயிற்று. எங்கோ ஒரு கோழி அலறியது. யாரும் வியக்கவில்லை. சுறாக்களின் வீரர்கள் காலங்காலமாக அப்படித்தான் உதைப்பார்கள்.

பிறகு ஸெனாபு இன்னொரு பந்தில் காற்றை இறக்கினாள். உஸ்ஸ்ஸ் என்று அது நீளமாகப் பெருமூச்சு விட்டது. அந்தச் சத்தம் எகோவின் காதில் ஒப்பாரியாக விழுந்தது. அதே வீரன் அதே இடத்தில் நின்று உதைத்தான். பந்து வலைக்குள் போய் விழுந்தது. உதைத்தவனே பயந்துபோய்த் தன் காலைக் குனிந்து பார்த்தான்.

சேர்மன் ஹாகன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். கோல் போடத் தெரியாத அணியை வைத்திருந்ததற்காகத் துரத்தப்பட்ட பயிற்சியாளர்களை. இரண்டு கை விரலும் தீர்ந்து, அட்டாவின் கையைக் கடன் வாங்கினார்.

"எகோ" என்றார் மெதுவாக. "அந்தச் செர்பியாக்காரன் அழுதுக்கிட்டே விமானம் ஏறினானே..."

"ஞாபகப்படுத்தாதீங்க சேர்மன்."

"வடக்குக் கம்பத்துல யாரோ சூனியம் வெச்சிருக்காங்கன்னு ஆடு வெட்டினோமே..."

"அந்த ஆட்டுல நீங்கதான் தொடைக்கறி சாப்பிட்டீங்க, சேர்மன்" என்றான் அட்டா.

வெளியூருக்குப் போனால் ஒழுங்கான பந்து கிடைக்கும். அதை இவர்கள், இதுவும் பறந்துவிடுமோ என்ற பயத்தில் மெல்லத் தட்டுவார்கள். அது உருண்டு போய்க் கோல்கீப்பரின் கையில் குழந்தை போல ஏறிக்கொள்ளும். எல்லா வழியும் எகோவின் கம்ப்ரஸரில்தான் போய் முடிந்தது. அவர் போர்த்தியிருந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியேறினார். பெஞ்சின் நுனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று மாலையே ரேடியோவுக்குப் போன் போட்டார். "நாட்டு மக்களே, குற்றவாளி நான்தான்" என்று விம்மினார். துரத்தப்பட்ட பயிற்சியாளர்கள் ஒவ்வொருவரிடமும் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். நான்காவது பெயரில் போனில் காசு தீர்ந்துவிட்டது. அடுத்துப் பேசியவர், "புதுக் கோச் ரவுண்டானா எகோவை விலைக்கு வாங்கிட்டாரு!" என்று கொதித்தார். அதற்கடுத்தவர், "ஒரு பந்தால ஒரு அணி கெட்டுப்போகுமா? சூனியத்தை மறைக்கிறானுங்க" என்றார். உண்மையைச் சொன்ன மனிதனை ஊரில் ஒருவர்கூட நம்பவில்லை. எகோ ரேடியோவை அணைத்துவிட்டு, டயர் ட்யூபில் முகம் புதைத்து அழுதார்.

"அழு, ஆனா அதுல ஒட்டு காயலை, மூக்குல ஒட்டிக்கப்போகுது" என்றாள் அராபா.

சனிக்கிழமை முதல் ஆட்டம். செகோண்டியோடு. எகோ போகமாட்டேன் என்றார். அராபா கடையைச் சாத்திவிட்டு அவரை இழுத்துக்கொண்டு போய், டிக்கெட் வாங்கி, ரசிகர்களுக்கு நடுவே உட்காரவைத்தாள். தூரத்தில் பெஞ்சின் நுனியில் ஸெனாபு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க அவர் கண் எரிந்தது.

அப்புறம் ஆட்டம் ஆரம்பித்தது. அந்த மைதானத்தில் யாரும் பார்த்திராத ஆட்டம்! சுறாக்கள் ஒரு கோல் போட்டார்கள். பெரியவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். இரண்டாவது போட்டார்கள். ஒருவர் மயங்கி விழுந்தார். மூன்றாவதும் விழுந்தது. ஆனால் ஒழுங்கான பந்து யாருக்கும் சொந்தமில்லையே. செகோண்டிக்காரர்கள் நான்கு போட்டுவிட்டார்கள்.

மூன்றுக்கு நான்கு. தோல்வி.

விசில் ஊதியதும் சேர்மன் ஹாகன் நாற்காலி மேல் ஏறினார். "இத்தனை வருஷம் நம்ம ஊர்ல நாம தோத்திருக்கமா? நாமளும் போடல, வந்தவனும் போடல. பூஜ்யத்துக்குப் பூஜ்யம், கௌரவமா இருந்தோம்! அந்தக் கல்லுப் பந்தைக் கொண்டாங்க! எகோவைக் கொண்டாங்க!"

"எகோ! எகோ!" என்று அரங்கமே அதிர்ந்தது. நேற்று வரை விலைபோனவன் என்று திட்டிய அதே வாய்கள். அவரைத் தோளில் தூக்கினார்கள். தலையிலும் மார்பிலும் பவுடரைக் கொட்டினார்கள். அலையில் மிதக்கும் படகு போல அவரைப் பெஞ்ச் வரைக்கும் கொண்டுபோய் இறக்கினார்கள்.

ஸெனாபு எழுந்து நின்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது. பம்ப்பை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

எகோ வாங்கிக்கொண்டார். கை தானாக ஒரு பந்தைத் தேடி எடுத்தது. இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்த இடம் காலியாக இருந்தது. பின்னால் ஆயிரம் தொண்டைகள் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் திரும்பி வந்துவிடும். அவர் பந்தை அழுத்திப் பார்த்தார். ஐயோ, தொளதொளவென்று இருந்தது! அவர் உடம்பில் ஒவ்வொரு நரம்பும் காற்றடி, காற்றடி என்று கதறியது. அவர் கூட்டத்தைப் பார்த்தார். எங்கோ மேலே, மீன் வாசனை போகாத மேல்துணியோடு நின்ற அராபாவைப் பார்த்தார். அவள் இப்போதுதான் முதல் கோலுக்கு அழுது முடித்திருந்தாள்.

எகோ பந்தைக் கீழே வைத்தார். பம்ப்பை ஸெனாபுவின் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"காத்து சரியா இருக்கு" என்று சத்தமாகச் சொன்னார்.

"என்ன மாஸ்டர் இப்படிச் சொல்றீங்க?" என்று அட்டா பரிதாபமாகக் கேட்டான். "அப்ப நாலு கோல் எப்படி உள்ள போச்சு?"

"பந்துல குத்தமில்லைன்னா..." என்று சேர்மன் ஹாகன் யோசித்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "கோல்கீப்பர் கோச்!"

அடுத்த நொடி மொத்தக் கூட்டமும் கோல்கீப்பர் பயிற்சியாளர் இருந்த திசையில் பாய்ந்தது. அந்த மனிதர் திரும்பிப் பார்த்துவிட்டு, பையைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தார்.

எகோ தலையில் இருந்த பவுடரை உதறிக்கொண்டு படியேறி மேலே வந்தார். கண் கலங்கியிருந்தது. அராபா தன் துணியின் நுனியால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"உக்காரு" என்றாள். "கூட்டம் கலையட்டும். இங்கேருந்து பார்த்தா முழு மைதானமும் தெரியுது, கவனிச்சியா?"