இடது பக்கம் உக்காந்தவங்க சொன்னது

ரத்தம் காய்ஞ்சுபோன சீட்டையெல்லாம் பிரிச்சுத் தைச்சவ நான், அத மொதல்ல தெரிஞ்சுக்கோங்க. மரத்துல மோதின காரு, ஆளு செத்துப்போன வேன், எல்லாம் எங்க ஷெட்டுக்கு வரும். நான் பாட்டுக்கு ரெக்சின கிழிச்சுப் போட்டுட்டு ஃபோம மாத்தித் தைச்சுக் குடுப்பேன், மதியம் சாப்ட்டுட்டு அதே சீட்டுல கால நீட்டித் தூங்கியும் இருக்கேன், ஒரு கெட்ட கனவுகூட வந்தது கெடையாது. பேய்க்கதை சொல்றவங்களக் கண்டா எனக்கு எரிச்சலா வரும். இப்ப நீங்க என்னை அப்படித்தான் பாக்கப்போறீங்க, பாருங்க, ஆனா கேட்டது நீங்க. உங்க காரு வேலைய முடிச்சு நான் ஓட்டிகினு வந்தப்ப, எங்க வீட்டுக்காரரு பின்னாடி சீட்டுல பெரிய மனுஷன் மாதிரி உக்காந்து வந்தத பாத்து சிரிச்சீங்கல்ல, என்னாம்மா புருஷனுக்கு டிரைவர் வேலையான்னு. நான் ஓட்டும்போது அவர பக்கத்துல உக்கார வுட மாட்டேன். ஏன்னா சொல்றேன், நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.

எங்க ஷெட்டு அரியாங்குப்பத்துல. எங்க வீட்டுக்காரரு பேரு கலியமூர்த்தி, டிங்கரிங் வேலை. கலியன்னுதான் எல்லாரும் கூப்புடுவாங்க. வெல்டிங்குக்கு சேவியர் அண்ணன், ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சவங்க, ஒருத்தர் தட்டுலேர்ந்து ஒருத்தர் எடுத்துத் திங்கிற அளவுக்குப் பழக்கம்.

அப்பதான் ஜெரார் முசே வந்தாரு, முசேன்னா பிரெஞ்சுல ஐயா. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷன் வாங்கறவரு, அந்த மாதிரி ஆளுங்கள எங்க ஊர்ல 'சொல்தா'ன்னு சொல்லுவோம். பொண்டாட்டி புள்ளைங்க பிரான்சுலயே நின்னுட்டாங்க, இங்க ஒண்டியா இருக்காரு. நோணாங்குப்பம் பக்கம் ஒரு தென்னந்தோப்புல கெடந்த பழைய லாரிய கிரேன் வெச்சுத் தூக்கிகினு வந்து எங்க வாசல்ல எறக்கிட்டாரு. உருண்ட மூக்கு, ரெண்டு லைட்டும் தவள கண்ணு மாதிரி, டயர் இருந்த எடத்துல வெறும் மண்ணு. பிரெஞ்சுக்காரன் காலத்து வண்டி, ஸ்டீரிங் இடது பக்கம் இருந்துச்சு. ஐஸ் கட்டி ஏத்துன வண்டின்னு தோப்புக்காரன் சொன்னானாம், அதுக்கு மேல யாருக்கும் தெரியல.

இத ஹாட் ராட் ஆக்கணும்னாரு முசே, அதாவது பழைய வண்டிய ரேஸு வண்டி மாதிரி மாத்தறது. போன்ல படம் படமா காட்டுவாரு. மூக்கு மட்டும் அப்படியே இருக்கணும், கேபின் தலைய அறுத்துத் தாழ்த்தணும், சேஸிய தரையோட தரையா எறக்கணும், பின்னாடி தொட்டிய பாதியா வெட்டிட்டு பட்ட டயரு போடணும், நொறுங்கிப்போன ஜீப்பு ஒண்ணுலேர்ந்து பெரிய இஞ்சின கழட்டி இதுல வெக்கணும். அப்புறம் ஸ்டீரிங்க இடதுலேர்ந்து அறுத்து வலது பக்கம் கொண்டாரணும்.

"ரோட்டுல ஓட்ட வுடுவாங்களா முசே?"ன்னு எங்க வீட்டுக்காரரு கேட்டாரு.

"அது என் கவலை கலியன், நீ வெட்டு"ன்னாரு.

வெட்டுனாங்க. அந்த வண்டி வேலையில ஒரு நாளும் நல்லபடியா போவல, அத சொல்லணும். கிரைண்டர் பிளேடு தெறிச்சு இவரு உள்ளங்கைய கிழிச்சுடுச்சு, தையல் போட்டோம். அதெல்லாம் ஷெட்டுல நடக்கறதுதான்னு நான் கண்டுக்கல. ஸ்டீரிங் வலது பக்கம் வந்தப்புறம் நடந்ததுதான் வேற.

நான் அந்தக் கேபினுக்கு ஒரே நீளமா பென்ச் சீட்டு தைச்சேன், காப்பிக்கொட்ட கலர் ரெக்சின், கோடு கோடா தையல். மாட்டிட்டு மறுநாள் காலைல கதவத் தொறந்து தையல் சரியா உக்காந்திருக்கான்னு தடவிப் பாக்கறேன், இடது பக்கம் மட்டும் சூடா இருக்கு. வெயில் பட்ட சூடு இல்லீங்க. பஸ்ல ஒருத்தர் எழுந்துபோன சீட்டுல உடனே உக்காந்தா ஒரு சூடு இருக்கும் பாருங்க, நமக்கே கூச்சமா இருக்குமே, அந்தச் சூடு. வலது பக்கம் ஜில்லுனு இருந்துச்சு. எவனோ குடிச்சுட்டு உள்ள படுத்துட்டுப் போயிருக்கான்னு திட்டிகினே தொடச்சு வுட்டேன். தெனமும் இருந்துச்சு.

ஒரு நாள் கதவு இடுக்கு பாக்கறதுக்காக எங்க வீட்டுக்காரரு வலது பக்கமும் சேவியர் அண்ணன் இடது பக்கமும் உக்காந்து ரெண்டு கதவையும் சாத்திகினாங்க. நான் வெளிய ரெக்சின் வெட்டிகினு இருந்தேன். கொஞ்ச நேரத்துல உள்ளேர்ந்து சேவியர் அண்ணன் குரல் கேக்குது, கத்தல, ரொம்ப நிதானமா, "எறங்கு"ன்றாரு. அப்புறம் என்னமோ சொல்லிகினே போறாரு, என் காதுல வுழல. எங்க வீட்டுக்காரரு கதவத் தள்ளிகினு வெளிய வந்தாரு, மொகத்துல உயிரே இல்ல. பின்னாடியே சேவியர் அண்ணன் எறங்கி, "என்னாடா, பாதியில எறங்கிட்ட?"ன்னு சிரிச்சுகினே கேக்கறாரு.

"நாளையிலேர்ந்து என் ஷெட்டுக்கு வராத."

"டேய், என்னா ஆச்சு?"

"எங்க அம்மா செத்ததப் பத்தி இன்னொரு தடவ வாயத் தொறந்த, பல்லு இருக்காது."

சேவியர் அண்ணன் மாதா மேல சத்தியம் பண்றாரு, நான் ஒண்ணுமே பேசலடான்னு. எங்க வீட்டுக்காரரு ஸ்பேனர தூக்கிட்டாரு. நான்தான் நடுவுல போய் நின்னேன். அத்தோட போச்சு அந்தப் பழக்கம். என்னா சொன்னாருன்னு நான் கேட்டுக் கேட்டுப் பாத்தேன், இவரு சுத்திய எடுத்துத் தகரத்தத் தட்ட ஆரம்பிச்சுடுவாரு. ஆம்பளைங்க சண்டை, உள்ள ஏதோ பழைய வன்மம் இருந்திருக்கும்னு நானும் வுட்டுட்டேன்.

வண்டி ஓடற நெலமைக்கு வந்துடுச்சு. முசே அன்னிக்கு சென்னை போயிருந்தாரு, அவரு வர்றதுக்குள்ள ஒரு ஓட்டம் பாத்துடலாம்னாரு இவரு. கையில கட்டு இருந்ததால என்னை ஓட்டச் சொன்னாரு. நான் குட்டியானை லோடு வண்டியே ஓட்டுவேன், இது என்னான்னு ஏறிட்டேன். அவரு இடது பக்கம் உக்காந்து இஞ்சின் சத்தத்த கவனிச்சுகினு வந்தாரு. நல்ல வெயிலு, பகல் நேரம், ராத்திரியும் இல்ல ஒண்ணும் இல்ல. கடலூர் ரோட்டுல ஏறினதும் ஜனமெல்லாம் நின்னு பாக்குது, பசங்க போன தூக்கிகினு படம் எடுக்குதுங்க, அவருக்கு ஒரே பெருமை. "மங்கா, மிதி, இன்னும் கொஞ்சம் மிதி"ன்றாரு. அவரு அவராத்தான் இருந்தாரு, அதுவரைக்கும்.

நோணாங்குப்பம் பாலத்துல ஏறினோம். பின்னாடி பஸ்ஸு ஒண்ணு ஒட்டிகினு வருது. அப்ப பக்கத்துலேர்ந்து, "எறங்கு."

நான் திரும்பிப் பாக்கல, வெளையாடறாருன்னு நெனச்சேன். "பாலத்துல எப்படிங்க எறங்கறது"ன்னு சிரிச்சேன்.

"எறங்கு. நெத்திலிக்கு எடம் வேணும்."

உங்களுக்குப் புரியாது. சொல்றேன். கல்யாணம் ஆன புதுசுல இவரு ஓசூர்ல வேலையா இருந்தாரு. அப்ப எனக்கு நாள் தள்ளிப்போச்சு. அவரு வந்ததும் நேர்ல சொல்லலாம்னு யாருகிட்டயும் சொல்லாம வெச்சிருந்தேன், இம்மாத்தூண்டுதான் இருக்கும்னு மனசுக்குள்ளயே நெத்திலி நெத்திலின்னு கூப்புட்டுகினு இருந்தேன். அவரு வர்றதுக்குள்ள அது நிக்காம போயிடுச்சு. கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குத் தனியா பஸ் ஏறிப் போய் காட்டிட்டு வந்தேன். அவருகிட்ட சொல்லல, எங்க அம்மாகிட்டயே சொல்லல. அந்தப் பேர என் வாயால சத்தமா நான் சொன்னதே கெடையாது.

 திரும்பிப் பாத்தேன். அவரு நேரா ரோட்டப் பாத்துகினு இருக்காரு, வாய் மட்டும் பேசுது. அவரு குரல்தான், ஆனா பதினாறு வருஷமா என்னை ஒரு சுடுசொல்லு சொல்லாத மனுஷன், அவரு குரல்ல அவ்வளவு வெறுப்ப நான் கேட்டதே இல்ல. "நீ உக்காந்திருக்கற எடம் உன்னுது இல்ல. எறங்குடி"ன்னு சொல்லிகினே கட்டுப்போட்ட கைய நீட்டி ஸ்டீரிங்க புடிச்சு இடது பக்கம் இழுக்கறாரு. பாலத்துக் கைப்புடிச் சுவரு அப்படியே கண்ணாடி முன்னாடி வருது, அதுக்கு அந்தாண்ட ஆத்துத் தண்ணி, போட்ல போற ஜனம் கைய ஆட்டுது. நான் ரெண்டு காலாலயும் பிரேக்க மிதிச்சேன். மூக்கு சுவத்துல தேய்ச்சுகினு போய் நின்னுச்சு. பஸ்ஸு மயிரிழையில ஒதுங்கிச்சு, கண்டக்டர் வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டினான்.

நான் கதவத் தொறந்து கீழ வுழுந்தேன்னுதான் சொல்லணும். அவரு பக்கம் சுவரு ஒட்டி இருந்ததால, சீட்டுல நகந்து என் பக்கக் கதவாலயே எறங்கி வந்தாரு.

"என்னா மங்கா, ஏன் நிறுத்தின? நல்லாத்தான போவுது... அடிப்பாவி, பெயிண்டு போச்சே! எங்க பாத்துகினு ஓட்டின நீ?"

கையி கட்டு முழுக்க ரத்தம், தையல் பிரிஞ்சு சொட்டுது. அத அப்பதான் பாக்கறாரு. இது எப்படி ஆச்சுன்னு என்னையே கேக்கறாரு. நான் ரோட்டோரமா ஷெட்டுக்கு நடந்தே போனேன். அவரு வண்டிய தனியா ஓட்டிகினு வந்து சேந்தாரு. தனியா ஓட்டினா ஒண்ணுமே ஆவறதில்ல. அன்னிக்கு வூட்டுல சோறு ஆக்கல.  வண்டிய கெடுத்தது நான்னு அவருக்குக் கோவம். எனக்கு என்னா பயம்னா, அவரு நெஜமாவே அதெல்லாம் தெரிஞ்சு வெச்சிருந்து, உள்ள இருந்த வெறுப்புதான் வெளிய வந்துச்சோன்னு. இப்பவும் அவரு தூங்கும்போது மொகத்தப் பாத்துகினு உக்காந்திருப்பேன்.

சேவியர் அண்ணன மார்க்கெட்டுல பாத்தப்ப லேசா சொன்னேன். "ஸ்டீரிங்க மாத்தியிருக்கக் கூடாதும்மா"ன்னாரு. சரி, அப்படியே வெச்சுக்கலாம், ஏதோ ஒண்ணு தன் எடத்த புடுங்கிட்டாங்கன்னு கோவமா இருக்குதுன்னே வெச்சுக்கலாம். அதுக்கு நெத்திலி எப்படித் தெரியும்? 

பெயிண்ட சரி பண்ணி வண்டிய முசேகிட்ட குடுத்துட்டோம். "மெர்சி, மதாம்"ன்னு பிரெஞ்சுல நன்றி சொல்லி என் கையக் குலுக்கிட்டு ஓட்டிகினு போனாரு. யாரையும் பக்கத்துல ஏத்தாதீங்கன்னு சொன்னேன். "எனக்கு யாரு இருக்கா மதாம் ஏத்தறதுக்கு?"ன்னு சிரிச்சாரு.

அப்புறம் ஒரே ஒரு தடவதான் அந்த வண்டிய பாத்தேன். முதலியார்பேட்டை சிக்னல்ல, நான் ஸ்கூட்டில நிக்கறேன், அது வந்து என் வலது பக்கம் நிக்குது. முசே மட்டும்தான் இருக்காரு, இடது சீட்டு காலி, கண்ணாடி வழியா நல்லா தெரியுது. ஆனா மனுஷன் பேசிகினு இருக்காரு, சிரிச்சு சிரிச்சு, காதுல போனு கீனு எதுவும் கெடையாது. என்னைப் பாத்துட்டாரு. பாத்துட்டு எனக்குக் கை காட்டல. காலி சீட்டுப் பக்கம் தலைய சாய்ச்சு, விரல என் பக்கம் நீட்டி, இவதான், இவதான்னு சொல்ற மாதிரி என்னமோ சொல்றாரு. அவரு சொல்லி முடிக்கல, என் தோளுக்குப் பக்கத்துல அந்த இடது பக்கக் கண்ணாடி மெள்ள மெள்ள கீழ வருது.

அந்தக் கதவுக்கு மோட்டார் கெடையாது. உள்ள உக்காந்தவங்க கையால கைப்புடிய சுத்தினாத்தான் கண்ணாடி எறங்கும், எங்க வீட்டுக்காரரு மாட்டினதுதான். சிக்னல் வுழற வரைக்கும் நான் நிக்கல, போலீஸ்காரரு விசில் அடிக்க அடிக்க பூந்து போயிட்டேன். நீங்க என்னா வேணா சொல்லுங்க. முசேவோட ஒரு கை ஸ்டீரிங்ல இருந்துச்சு, இன்னொரு கை என்னைக் காட்டிகினு இருந்துச்சு.