ஓடைக்குள் என் வீட்டுக்காரரோடு பேசியவள்

இது பட்டப்பகலில் நடந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கும்மிருட்டு, நாய் ஊளை, பாழடைந்த பங்களா என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். உச்சி வெயில். சுற்றிலும் ஆட்கள். அன்று எங்களோடு நடந்தவர்கள் எல்லாரும் இன்றும் நன்றாக இருக்கிறார்கள். ஊரின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். அங்கே குடும்பங்கள் இருக்கின்றன. கீரனூருக்குக் கிழக்கே என்பது போதும்.

என் பெயர் செல்வராணி. புதுக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. வீடு திருக்கோகர்ணத்தில். வீட்டுக்காரர் அரவிந்த்குமார் தனியார் பள்ளியில் பிசிக்ஸ் ஆசிரியர். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். எங்களுக்குள் சண்டை என்று எதுவும் இல்லை. பேச்சும் இல்லை. கேஸ் புக் பண்ணியாச்சா, கரண்ட் பில் கட்டியாச்சா... அவ்வளவுதான்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு அவராகவே ஒரு ஏற்பாடு செய்தார். திருச்சியிலிருந்து ஒரு குழு ஆட்களைச் சேர்த்து இரண்டு நாள் நடைப் பயணம் கூட்டிப் போகிறார்களாம். பணம் கட்டிவிட்டேன், வா என்றார். எனக்கு இஷ்டமே இல்லை. போனேன். வேனில் வேண்டுமென்றே வேறு சீட்டில் உட்கார்ந்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அதுவும் எனக்குக் கோபம்.

மொத்தம் பன்னிரண்டு பேர். எல்லாருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் டீ-ஷர்ட், நீலத் தொப்பி கொடுத்தார்கள். முதல் நாள் பாறைக் குன்றுகள். இரண்டாம் நாள்தான் அந்த ஓடை.

ஓடை என்றால் தண்ணீர் ஓடுவதல்ல. மழைத் தண்ணீர் பல வருஷமாக அறுத்து அறுத்து உண்டாக்கிய பள்ளம். இரண்டு பக்கமும் இரண்டு ஆள் உயரத்துக்குச் செம்மண் சுவர். நடுவில் மணல். தலைக்கு மேலே ஒரு கீற்று வானம். பச்சை என்று பார்த்தால் அங்கங்கே உடைமுள்தான். ஏதோ அரபு நாட்டுப் பாலைவனத்துக்குள் இறங்கியது போல் இருந்தது. நெளிந்து நெளிந்து இரண்டு கிலோமீட்டர் போகிறது. பத்தடிக்கு முன்னால் போகிறவர் வளைவில் திரும்பிவிட்டால் தெரியமாட்டார்.

வழிகாட்டி அந்த ஊர்க்காரர். அடைக்கலம் என்று பேர். ஐம்பது வயது இருக்கும். இறங்கும்போது ஒன்று சொன்னார்.

"புருஷன் பொஞ்சாதியா வந்தவங்க சேந்தே நடங்க. பிரிஞ்சு நடக்காதீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

காலை 10.40க்கு இறங்கினோம். நான் கடைசியில் நடந்தேன். என்னோடு பிரகதாம்பாள் டீச்சர். ரிட்டயர் ஆனவர், முட்டி வலியோடு மெதுவாக வந்தார். என் வீட்டுக்காரர் முன்னால் போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

11.15 மணிக்கு அவளைப் பார்த்தேன்.

அவருக்குப் பக்கத்தில், தோளோடு தோளாக நடந்துகொண்டிருந்தாள். மஞ்சள் டீ-ஷர்ட், நீலத் தொப்பி. முதுகில் ஒற்றைப் பின்னல். என் உயரம்தான். குழுவில் இருந்த பெண்களில் ஒருத்தி என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பது?

அவர் பேசிக்கொண்டே போனார். கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். என்னிடம் மூன்று மாதமாகச் சேர்த்து நூறு வார்த்தை பேசியிருக்க மாட்டார். இங்கே வாய் ஓயவில்லை.

நடையை எட்டிப் போட்டு அவர்கள் முதுகுக்குப் பின்னாலேயே போனேன். முட்டியைப் பிடித்துக்கொண்டே டீச்சரும் கூட வந்தார்.

ஒரு வளைவில் உடைமுள் கிளை ஒன்று குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்தார். அவள் கடந்து போகும்வரை பிடித்துக்கொண்டே நின்றார். பிறகுதான் விட்டார். பின்னால் வந்த எனக்கு அந்தக் கிளை கன்னத்தில் கீறியது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினார். காலையில் நான் நிரப்பிக் கொடுத்த பாட்டில். அவள் வாங்கியது எனக்குத் தெரியவில்லை. அவர் தோள் மறைத்தது. ஆனால் பாட்டிலைத் திரும்ப மூடும்போது கவனித்தேன். கழுத்து வரைக்கும் தண்ணீர் அப்படியே இருந்தது.

பிரகதாம்பாள் டீச்சர் மூச்சு வாங்க நின்றார்.

"ஒங்க சாரு போன்லயாம்மா பேசிக்கிட்டே போறாரு?"

"இங்க சிக்னலே இல்லீங்களே டீச்சர்."

"அப்புறம் யாருகிட்ட...?"

டீச்சர் பாதியில் நிறுத்திவிட்டார். எனக்கு முகம் சுருங்கிப் போனது. என் மானத்தைக் காப்பாற்றத்தான் தெரியாத மாதிரி கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பொறாமை பிடித்தவளுக்குப் புத்தி எப்படி வேலை செய்யும் என்று பாருங்கள். முகத்துக்கு நேரே சொன்னதுகூட உறைக்கவில்லை.

11.50.

எல்லாருடைய முதுகிலும் வேர்வை. டீ-ஷர்ட் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் முதுகு மட்டும் காய்ந்திருந்தது. மடிப்புக்கூடக் கலையவில்லை. காலையில்தான் பிரித்துப் போட்டது போல...

குனிந்து மணலைப் பார்த்தேன். எவ்வளவு நெருக்கமாக நடக்கிறாள் என்று தெரிந்துகொள்ளத்தான் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவருடைய ஷூ தடம் இருந்தது. பக்கத்தில் மணல் வழுவழுவென்று கிடந்தது.

ஓரத்துப் பாறையில் கால் வைத்துப் போயிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போது அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். எங்கேயோ கேட்டிருக்கிறேன். யாருடையது... யாருடையது என்று யோசித்துக்கொண்டே நாலடி நடந்தேன். சட்டென்று நின்றுவிட்டேன்.

எங்கள் கல்யாண வீடியோவில் கேட்டிருக்கிறேன்.

என் சிரிப்பு அது.

12.10. அவர்கள் இரண்டு பேரும் வளைவில் திரும்பினார்கள். டீச்சரை விட்டுவிட்டு ஓடினேன். அவள் பின்னலைப் பிடித்து இழுத்து முகத்தைப் பார்த்துவிடுவது என்று ஓடினேன்.

திரும்பினேன்.

அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

செம்மண் சுவரைப் பார்த்து நின்றார். சுவரில் ஒரு பிளவு. ஒரு சாண் அகலம்தான் இருக்கும். ஆட்டுக்குட்டி நுழையாது. அதற்குள் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்...

"மெதுவா ராணி. தல இடிச்சிரப் போவுது."



"என்னங்க..."

அவர் திரும்பினார். என்னைப் பார்த்தார். பிளவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"நீ... இப்பத்தானே உள்ள போன?"

காற்று இல்லை. ஒரு குருவிச் சத்தம் இல்லை.

பிளவுக்குள்ளிருந்து வந்தது.

"என்னங்க..."

என் குரல்.

இப்போது உள்ள குரல் அல்ல. கல்யாணமான புதிதில் இருந்த குரல்.

அவர் வாயைத் திறந்தார். யாரோ அவர் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அடைக்கலம்.

"பதில் குடுக்காதீங்க சார். நடங்க. அம்மா, நீங்க சாரு கையைப் புடிச்சுக்கங்க. விட்றாதீங்க."

பிடித்துக்கொண்டேன். மேலே ஏறும்வரை விடவில்லை.

மாலை 4.30க்கு வேனில் அவர் சொன்னார். ஒரு மணி நேரமும் நான்தான் பக்கத்தில் வந்தேனாம். நான்தான் முதலில் பேச்சுக் கொடுத்தேனாம்.

"எவ்வளவு நாளாச்சு நீ அப்படிப் பேசி. மணமேல்குடிக் கடலுக்குப் போனதெல்லாம் சொன்ன. ஒன் செருப்பை அலை இழுத்துட்டுப் போச்சுன்னு, என் செருப்பைப் போட்டுக்கிட்டு நடந்தியாம். நான் வெறுங்கால்ல ரோடு வரைக்கும் வந்தேனாம்."

எனக்கு அது நினைவே இல்லை. வீட்டுக்கு வந்து பழைய போட்டோக்களைத் தேடினேன். இருந்தது. கடற்கரையில் நான் நிற்கிறேன். காலில் ஆம்பளைச் செருப்பு.

நான் மறந்து தொலைத்ததை அவள் வைத்திருந்தாள்.

உண்மையைச் சொல்லவா? அது மனுஷி இல்லை என்று தெரிந்த பிறகும் எனக்குப் பயத்தைவிடப் பொறாமைதான் அதிகம். மனுஷியாக இருந்தால் வீட்டு வாசலில் போய் நின்று சண்டை போடலாம். இவளிடம் என்ன செய்வது? அவள் நானாகவே இருந்தாள். என்னைவிட நல்ல நானாக.

முயன்று பார்த்தேன். அவர் ஸ்கூல் விட்டு வரும்போது சிரித்துக்கொண்டு கதவைத் திறந்தேன். கடலுக்குப் போகலாமா என்றேன். "ம்" என்றார். ஆனால் என் முகத்தில் எதையோ தேடுவார். அது கிடைக்காமல் பார்வையைத் திருப்பிக்கொள்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டே, "அன்னைக்கு மாதிரி ஒரு தடவ பேசேன்" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அடுப்படியில் நின்று அவளைத் திட்டினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

கார்த்திகை மாதம். ஒரு சனிக்கிழமை. ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு அவர் காலையிலேயே கிளம்பிவிட்டார். எனக்கு லேபில் கூட்டம்.

11.55க்கு போன் வந்தது. அடைக்கலம். அவசரத்துக்கு என்று நடைப் பயணத்தில் எல்லாருடைய நம்பரும் வாங்கி வைத்திருந்தார்.

"அம்மா, வாரதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? மேக்க இருட்டிக்கிட்டு வருது. மழை புடிச்சா ஓடையில ஒரே நேரத்துல தண்ணி வந்துரும். சாரைக் கூட்டிக்கிட்டு மேல ஏறிருங்க."

"அண்ணே, என்ன சொல்றீங்க?"

"ஒங்களத்தாம்மா. இப்பத்தான் ரெண்டு பேரும் உள்ள எறங்குனீங்க. நான் மேட்டுலேருந்து பாத்தேன்."

என் கையில் ரத்தக் குப்பி. கீழே விழுந்து உடைந்தது.

"அண்ணே... நான் லேப்ல இருக்கேன்."





"அப்ப... சாரு கையைப் புடிச்சுக்கிட்டுப் போறது..."

அவர் ஓடுவது கேட்டது. மூச்சு இரைப்பது கேட்டது. பள்ளத்தின் விளிம்போடு, மேலேயே ஓடுகிறார். சார்... சார்... என்று கத்துகிறார்.

"அம்மா, கீழ தெரியிறாங்க. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறாரு. நீங்க பேசுங்க. ஸ்பீக்கர்ல போட்டுருக்கேன்."

லேபில் அத்தனை பேர் பார்க்கக் கத்தினேன்.

"என்னங்க! நான் இங்க இருக்கேன். புதுக்கோட்டையில இருக்கேன். அது நான் இல்ல. எனக்கு அப்படியெல்லாம் பேச வராது. சிரிக்க வராது. நான் சிடுசிடுன்னுதான் இருப்பேன். எனக்கு நீங்க வேணும். மேல ஏறி வாங்க!"



மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"வாங்கன்னா!"

...

12.20க்கு அடைக்கலத்தின் குரல் வந்தது.

"ஏறுறாரும்மா. ஏறுறாரு."

12.35க்கு ஓடையில் தண்ணீர் வந்தது. செம்மண் தண்ணீர், ஆள் உயரம் வந்ததாம். நான் ஸ்கூட்டியில் போய்ச் சேரும்போது அவர் அடைக்கலம் வீட்டுத் தாழ்வாரத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, முதலில் என் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். கன்னத்துத் தழும்பைத் தடவினார். பிறகுதான் அழுதார்.

அடைக்கலத்திடம் கேட்டேன். அந்த ஓடையில் யார் செத்தது என்று.

"யாரும் சாகலைம்மா. எங்க அப்பா காலத்துலேருந்து கேட்டுப் பாத்துட்டேன். பொம்பள யாரும் அதுல விழுகல, மாட்டல. ஜோடியா வாரவங்க பிரிஞ்சு நடந்தா வரும். யாருன்னு யாருக்கும் தெரியாது."

அது நடந்து இப்போது இரண்டு வருஷம். நாங்கள் தினமும் பேசுகிறோம். சண்டையும் போடுகிறோம். அன்று ஓடைக்குள் என்ன நடந்தது என்று மட்டும் அவர் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. போன பொங்கலன்று அவராகவே சொன்னார்.

மேலேயிருந்து என் குரல் கேட்டபோது அவள் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாளாம்.

"என்னங்க, மேல பாக்காதீங்க" என்றாளாம். "யாரோ என் குரல்ல கூப்பிடுறா. எனக்குப் பயமா இருக்கு."