பெருக்காத வட்டம்

"இந்தப் புழுவாவது, பறக்கிறதாவது! இருவது வருசமா பாக்கறேன், ஒண்ணுகூட பறந்தது இல்ல" என்றாள் அம்மா.

வில்லியனூர் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு நந்தியாவட்டைச் செடி நிற்கிறது. சனிக்கிழமைதோறும் அதன் பூவை அம்மா மாதா கோயிலுக்குக் கட்டிக் கொடுப்பாள். நான் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்திருந்த அன்று, இலையிலிருந்து விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழுவைப் பிடுங்கிக் கோழிக்குப் போடப் போனாள். நான்தான் தடுத்தேன். தலைக்குப் பின்னால் கண் போல இரண்டு நீலப் புள்ளிகள், வாலில் ஒரு கொம்பு. அந்த வாரம்தான் விலங்கியல் வகுப்பில் அதைப் பற்றிப் படித்திருந்தேன். பால் வடியும் நந்தியாவட்டை, அரளி இலைகளைத் தின்று வளர்ந்து, பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த பெரிய அந்துப்பூச்சியாகும்.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்பது அன்று இனித்தது.

புழுவை ஊறுகாய் பாட்டிலில் இலையோடு போட்டு வைத்தேன். மூன்றாம் நாள் அது பழுப்பாகி, தின்னாமல் அடியிலேயே சுற்றிச் சுற்றி வந்தது.

"சாவப் போவுதுடி, வுட்டுடு."

"சாவல. கூட்டுப்புழுவா மாற எடம் தேடுது" என்று சொல்லி, செடியடிச் சருகுக்குள் விட்டேன்.

மறுநாள் நான் எழுந்தபோது வாசல் பளிச்சென்று இருந்தது. மூலையில் சருகு புகைந்துகொண்டிருந்தது. விடிந்ததும் பெருக்கிக் குவித்துக் கொளுத்துவது அம்மாவின் வழக்கம். இருபது வருடமாக ஏன் ஒன்றுகூடப் பறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதைப் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம்.

"உனக்கு இன்னா தெரியும்? நீ எத்தினாவது படிச்ச?" என்றேன்.

அம்மா பள்ளிக்கூடமே போகாதவள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள். லீவு முடிந்து சாயங்காலம் ஹாஸ்டலுக்குக் கிளம்பியபோது புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். பிறகு தினமும் போனில், "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." அவ்வளவுதான். நேரில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். பரீட்சை, ரெக்கார்டு என்று இரண்டு மாதம் வீட்டுப் பக்கமே போகவில்லை. போனபோது அம்மா ஐஸ் பெட்டியில் இருந்தாள். பூப் பறிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். அப்பா ஆட்டோ கூட்டி வருவதற்குள் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் சித்தி துடைப்பத்தை எடுத்தாள். நந்தியாவட்டையைச் சுற்றி வட்டமாக, கணுக்கால் உயரம் சருகு. கோழி கிளறாமல் இருக்கச் சுற்றிலும் முள்.

"முடியாம கெடந்தா போல. எம்மாங் குப்ப!"

எதிர்வீட்டு அக்கா ஓடி வந்தாள். "அத்தத் தொடாத! அதுல பொண்ணோட பூச்சி இருக்குதாம். ரெண்டு மாசமா யாரையும் கிட்ட வுடல. 'இன்னாக்கா, பூச்சிக்கு மெத்த போட்டியா'ன்னு நான்கூட கிண்டல் பண்ணேன். 'படிச்ச பொண்ணு சொல்லுதுடி, சும்மாவா சொல்லும்'னா."

மண்டியிட்டு விரலால் சருகை விலக்கினேன். அடியில் ஒரு கூட்டுப்புழுவின் ஓடு கிடைத்தது. தலைப்பக்கம் பிளந்து, காலியாக. ஏதோ ஒன்று பறந்திருக்கிறது.

அம்மா அதைப் பார்த்தாளா? எதிர்வீட்டு அக்காவுக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை. போனில் அவள் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. நானும் செடியைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பாள் என்று ஒரு நாள் தோன்றுகிறது. நான் வரட்டும் என்று வைத்திருந்தாளோ என்று மறுநாள் தோன்றுகிறது. இரண்டையும் தாங்க முடியவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் எழுதிக் கொடுத்து ஹாஸ்டல் அறையைக் காலி செய்துவிட்டேன். இனி இரண்டு பஸ் மாறித்தான் காலேஜ். இன்று விடிந்ததும் வாசலை நான் பெருக்கினேன், செடியைச் சுற்றி முள் வைத்த இடம் வரைக்கும்.