பியானோவுக்கு எந்த ஊரு?

வேலைக்குச் சேர்ந்த அன்றுதான் பவதாரிணி பியானோவை முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தாள். கள்ளிக்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊர்க்காரி. பி.காம்., அவள் வீட்டின் முதல் பட்டம். கோரிப்பாளையத்து இசைக்கருவிக் கடையில் மூன்று மாதத்தில் கிடார் விற்றுவிட்டாள், கீபோர்டு விற்றுவிட்டாள், பியானோ மட்டும் நகரவே இல்லை.

"இந்த மாசத்துக்குள்ள ஒரு பியானோ போச்சுன்னா நீ பெர்மனென்ட். இல்லைன்னா பாக்கலாம்மா" என்றிருந்தார் முதலாளி செல்வக்குமார். அந்தப் 'பாக்கலாம்' எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லியிருந்தார். "யாரு கேட்டாலும் ஜெர்மன் பியானோன்னு சொல்லு."

பெயர் ஜெர்மன் பெயர்தான், மூடியில் தங்க எழுத்தாய் மின்னியது. செய்தது இந்தோனேஷியாவில்.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கையில் ராஜாராம் வந்தார். முனிச்சாலையில் சேலைக்கடை, வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர். கூடவே மனைவி லலிதாம்பாள், எட்டாவது படிக்கும் மகள் இந்துப்ரியா. இனிமேல் கீபோர்டு போதாது, பியானோதான் என்று மகளின் டீச்சர் சொல்லிவிட்டாராம்.

ராஜாராம் பியானோவை ஒரு சுற்றுச் சுற்றினார். "இது எந்த ஊரு?"

பவதாரிணிக்குப் பழகிய கேள்வி. கல்லூரியிலும் விடுதியிலும் அவளிடம் இதைத்தான் கேட்டார்கள். "மதுரைதான்" என்பாள். ஊர்ப்பெயரைச் சொன்னால் எந்தத் தெரு என்று அடுத்த கேள்வி வரும், அதனால் மதுரையோடு நிறுத்திக்கொள்வாள். அதைப் பொய் என்று அவள் நினைத்ததில்லை. உண்மை என்றும் நினைத்ததில்லை. எனக்காவது மறைக்க ஒரு காரணம் இருக்கிறது, இந்தப் பியானோ யாருக்குப் பயந்து மறைக்க வேண்டும்?

"பேருதான் சார் ஜெர்மனி. செஞ்சது இந்தோனேஷியா."

கல்லாவில் செல்வக்குமார் இருமினார்.

கணவனும் மனைவியும் சௌராஷ்டிரத்தில் படபடவென்று பேசிக்கொண்டார்கள். ஜெர்மனி, இந்தோனேஷியா என்ற இரண்டு சொற்கள் மட்டும் அவளுக்குப் புரிந்தன. பிறகு 'ஜப்பான்' வந்தது. மூலையில் நின்ற பழைய ஜப்பான் பியானோமேல் கண் விழுந்துவிட்டது என்று தெரிந்துகொண்டாள்.

ராஜாராம் புதுப் பியானோவிடமே திரும்பி வந்து சட்டைக்கையை மடக்கினார். "இதைக் கொஞ்சம் திருப்பும்மா. பின்பக்கம் பாக்கணும்."

"பியானோவையா சார்?"

"சேலைன்னா முன்பக்கமா பாப்போம்? திருப்பிப் பாத்தாத்தானே நெசவு தெரியும்!"

ஆளுக்கொரு மூலையைப் பிடித்துத் திருப்பினார்கள். எழும்பிய தூசியில் செல்வக்குமார் தும்மினார். ராஜாராம் செல்போன் வெளிச்சத்தில் மரச்சட்டத்தை விரலால் தடவிக்கொண்டே போய், ஒட்டியிருந்த ஒரு சின்னச் சீட்டைக் கண்டதும் நிறுத்தினார். அதில் இந்தோனேஷியா என்று அச்சடித்திருந்தது.

"இந்தப் பொண்ணு சொன்னதுதான் போட்ருக்கு!"

"ஏங்க, நம்ம கடையில சூரத்துச் சேலைய காஞ்சிபுரம் மாடல்னு தொங்க விட்ருக்கீங்களே, அதையும் இப்படித் திருப்பிப் பாக்குறாங்களா?" என்று லலிதாம்பாள் எல்லாருக்கும் கேட்கட்டும் என்று தமிழில் கேட்டாள்.

"மாடல்னுதானே போட்ருக்கேன்!" என்றவர் அவசரமாகப் பவதாரிணி பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. ஜப்பானா, இதா?"

"ஜப்பான்காரங்க நல்லாத்தான் செய்வாங்க சார். ஆனா அது முப்பத்தஞ்சு வருசம் ஓடுனது. கம்பி முறுக்குற ஆணி தளந்துபோச்சு, போன மாசம் சேத்த சுதி இப்பவே எறங்கிருச்சு. இது புதுசு. ஊரைப் பாக்காதீங்க, பாப்பா ரெண்டையும் வாசிக்கட்டும்."

இந்துப்ரியா ஒரே பாடத்தை இரண்டிலும் வாசித்தாள். ஜப்பான் பியானோவில் நடுவே ஒரு கட்டை சுதி விலகிப் பேச, முகத்தைச் சுளித்தாள். புதியதில் பாடம் முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

செல்வக்குமார் பில் புத்தகத்தோடு வந்தார். "ஜெர்மன் பியானோன்னு போட்ரவாண்ணே?"

"இந்தோனேஷியான்னே போடுங்க. நாளைக்கு எவனாவது திருப்பிப் பாத்தா எனக்குல்ல கேவலம்!"

"வீட்டுக்கு வந்து பியானோவ எவன் திருப்பப் போறான்?" என்றாள் லலிதாம்பாள்.

"உன் தம்பி திருப்புவான்."

அவர்கள் போனதும் செல்வக்குமார், "ஒண்ணாந்தேதி சர்டிபிகேட் ஜெராக்ஸ் கொண்டாந்துரு. லெட்டர் அடிக்கணும்" என்றார். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "அடுத்து வாரது சீனாவுல செஞ்சதும்மா. பேரு என்னமோ இத்தாலிப் பேரு."

"சீனான்னே சொல்லிருவோம்ணே."

"அம்புட்டுத்தானா?" என்றார் அவர். "அப்ப வந்ததும் பின்பக்கத்தையாவது தொடச்சு வை."