சாமி முன்னால் விழுங்கியது

நான் நாலாம் ஆண்டு படித்தபோது எங்கள் பள்ளியில் சரஸ்வதி பூசை நடந்தது. ஜோகூர் மாநிலத்துக் காஹாங்கில், எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த சின்னத் தமிழ்ப்பள்ளி அது. படையல் பக்கத்தில் நின்று விசிறியால் ஈ விரட்டும் வேலையை டீச்சர் எனக்குக் கொடுத்திருந்தார். நம்பிக்கையான பிள்ளைக்குத்தான் அந்த வேலை கிடைக்கும்.

அன்று காலை எனக்குப் பல்வலி. அம்மா கடைவாயில் ஒரு கிராம்பை வைத்து, கடித்துக்கொண்டே இருக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். டீச்சர் சூடத்தட்டோடு வந்தபோது சுண்டல் குவியல் ஒரு பக்கம் குழிந்திருந்தது. என் வாய் அசைந்துகொண்டிருந்தது.

"சாமிக்குக் காட்டுறதுக்கு முன்னாடியே வாயில போட்டுட்டியா?"

இல்லையென்று தலையாட்டினேன். வாயைத் திறக்கச் சொன்னார். கிராம்பைத் துப்பிக் காட்டியிருக்கலாம். ஆனால் சாமி முன்னால் எச்சில் துப்பலாமா? பயத்தில் விழுங்கிவிட்டேன். அதற்குமேல் டீச்சருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. விசிறியை வாங்கி இன்னொரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார்.

டீச்சர் கெட்டவராக இருந்திருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன். பள்ளி முடிந்த பிறகும் என்னை உட்கார வைத்து மலாய்க் கட்டுரை எழுதப் பழக்கியவர் அவர். ஜோகூர் பாருவில் நடந்த என் திருமணத்துக்குப் பேருந்து மாறி மாறி வந்து சேர்ந்தவர். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் வீட்டுக்குப் போகாமல் எனக்குப் பண்டிகை முடியாது. ஆனாலும் போகும் வழியெல்லாம் அந்தச் சுண்டல் நெஞ்சில் உறுத்தும்.

கடந்த தீபாவளிக்கு நானும் கணவரும் மகளையும் அழைத்துப் போனோம். அடுத்து ஒன்றாம் ஆண்டுக்குப் போகப் போகிறவள். கதை சொன்னால் புரிந்துகொள்ளும் வயது. டீச்சர் அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, கையில் முறுக்கைக் கொடுத்தார்.

"உங்கம்மா சின்னப் பிள்ளையில என்ன செஞ்சா தெரியுமா? சாமிக்கு முன்னாடியே சுண்டலச் சாப்பிட்டுட்டா. நான் கேட்டதும் கபக்குன்னு முழுங்கிட்டா லா."

எவ்வளவு பிரியமாகச் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். மகள் மட்டும் என்னைப் பார்த்தாள். சாமிக்கு வைக்கவில்லை, தொடாதே என்று வீட்டில் அவள் கையைத் தட்டிவிடுபவள் நான். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"டீச்சர், நான் சுண்டல் சாப்பிடல. பல்லுவலின்னு எங்கம்மா கிராம்பு வச்சிவிட்டாங்க. அதத்தான் முழுங்கினேன்."

டீச்சரின் சிரிப்பு நின்றது.

"ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"சாமி முன்னாடி எப்படி டீச்சர் துப்புறது?"

அவர் என் மகளிடம் திரும்பினார்.

"பாப்பா, உங்கம்மா எடுக்கல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

காப்பி எடுத்து வர அடுக்களைக்குப் போனவர் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்.

திரும்பும் வழியில், லாயாங் லாயாங் ஊரைத் தாண்டுவதற்குள் எனக்குக் கவலை வந்துவிட்டது. தனியாக இருப்பவர், அதுவும் நல்ல நாளில், சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று கணவரிடம் கேட்டுக்கொண்டே வந்தேன். சொன்னது சரிதான் என்றார். அவர் சமாதானத்துக்குச் சொல்கிறாரோ என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

அப்போது என்னோடு படித்த தோழி தொலைபேசியில் அழைத்தாள். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"என்னடி பண்ணி வச்ச? டீச்சர் இந்தக் கதைய ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காங்க போல. இப்ப ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, அந்தப் பிள்ள எடுக்கலன்னு சொல்லிட்டிருக்காங்க. பழைய தலைமையாசிரியர் வரைக்கும் போயிடுச்சு லா."

எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது. போதும் டீச்சர் என்று சொல்வதற்காக உடனே அவரை அழைத்தேன்.

அவர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.